தூரத்தில் இருப்பவர்களுக்கான கோப்பை

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிஞ்ஞோரா ஒர்சோலா சாப்பிட்டுத் தூங்கிய பிறகுதான் எனக்குக் கணவன் கிடைப்பான். அதுவும் உள்ளங்கை அளவுக்கு. பாரி நகரத்தில் அந்த அம்மாளின் சமையலறையில், சர்க்கரை டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்தால் ருஸ்தாவியில் இருக்கும் எங்கள் வீட்டுச் சமையலறை தெரியும். அதில் பாதியை ஜும்பெரின் மூக்கு அடைத்துக்கொண்டிருக்கும். ஏழு வருஷமாக இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோம். நான் இத்தாலியில் வயதானவர்களைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுகிறேன். அவன் ஜார்ஜியாவில் அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைப் பழுதுபார்க்கிறான்.

போன குளிர்காலத்தில் இங்கே தங்குவதற்கான காகிதம் ஒருவழியாகக் கைக்கு வந்தது. இனி ஊருக்குப் போனால் திரும்பி வரலாம். மே மாதம் சிஞ்ஞோராவின் மகள் வந்து தாயோடு இருப்பதாகச் சொன்னாள். எனக்குப் பத்து நாள் விடுப்பு. அன்றே ஜும்பெரிடம் சொல்லிவிட்டேன்.

"விமான நிலையத்துலேர்ந்து நேரா வீட்டுக்கு வரமாட்டேன். காரை எடுத்துட்டு வா. ககேத்தி போறோம். நீயும் நானும்."

"ககேத்திக்கா? அங்க என்னத்தைச் சுத்திப் பார்க்க? நம்ம பாதிச் சொந்தம் அங்கதானே இருக்கு?"

"அதுதான் மனுஷா பயமா இருக்கு."

அவன் சிரித்தான். சிரிக்கும்போது மூக்கு இன்னும் பெரிதாகி, திரையில் வேறெதுவும் தெரியவில்லை.

ககேத்தி எங்கள் நாட்டின் திராட்சைச் சீமை. திட்டம் முழுக்க என்னுடையது. காலையில் மட்டும் ஓட்டுவது. மதியம் எங்கே ஒயின் ஊற்றுகிறார்களோ அங்கேயே சாவியை எடுத்து வைத்துவிட்டு, மறுநாள் காலைவரை வண்டியைத் தொடக் கூடாது. ஓட்டுகிறவன் ஒரு மிடறு குடித்தாலும் எங்கள் போலீஸ் விடாது. ஒரு மிடறோடு எழுந்து போக எங்கள் ஜனங்கள் விடமாட்டார்கள். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு ஊர் போதும். முதலில் சிக்னாகி மலையடிவாரம். பிறகு அலசானி ஆற்றைத் தாண்டி குவாரெலி. அங்கிருந்து நபரெவுலி, தெலாவி, கொம்போரிக் கணவாய், வீடு. ஜும்பெர் ஃப்ரிட்ஜ் கதவில் பழைய சாலை வரைபடம் ஒன்றை ஒட்டி, நான் சொன்ன ஊர்களிலெல்லாம் ஒவ்வொரு சிவப்புக் காந்தப் பொத்தானை வைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தூக்கி அதைக் காட்டுவான். மதுரசத்துக்குப் பெயர்போன இத்தாலியில், பாட்டில் ஒயினை மேசையில் வைத்துக்கொண்டு, நான் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்து ஏங்குவேன். நாங்கள் போகும்போது திராட்சைக் கொடிகள் அப்போதுதான் தளிர்விட்டிருக்கும். ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துத் திட்டும் அளவுக்கு மெதுவாகப் போக வேண்டும். எங்கே நிறுத்தச் சொன்னாலும் அவன் ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தேன். சொந்தக்காரர் வீடு ஒன்றுகூடக் கிடையாது.

எங்கள் பக்கத்தில் இது சாதாரண நிபந்தனை இல்லை. உறவினர் வாசலில் நிற்காமல் போவது அவர்கள் முகத்தில் துப்புவதற்குச் சமம். நின்றால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் மேசை விரியும். மேசை விரிந்தால் ஒரு தமதா வேண்டும். கோப்பையைத் தூக்கி ஒவ்வொன்றாக வாழ்த்துச் சொல்லி விருந்தை நடத்துகிறவன் அவன்தான். என் கணவன் இருக்கும் இடத்தில் அதற்கு வேறு ஆள் தேட மாட்டார்கள். வேலையிடத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத ஆள். கையில் கோப்பை வந்துவிட்டால் கல்லும் கரையும். அமைதிக்கு, நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று பொழுது சாயும்வரை போவான். கல்யாணமான நாளிலிருந்து அவன் பேச்சில் எனக்குக் கிடைத்ததெல்லாம், அடுத்தவர்களுக்குப் பரிமாறியது போக மிச்சம்தான்.

மார்ச் மாதம் வரைபடத்தில் ஒரு நீலப் பொத்தான் முளைத்தது.

"அது என்ன?"

"பதியாவுரி. அக்கா வீடு."

"ஜும்பெர்!"

"சும்மா அஞ்சு நிமிஷம். ரோட்டு மேலயே அடுப்பு வச்சு ரொட்டி சுட்டுக்கிட்டு நிக்கிறா. நிறுத்தாமப் போனா என்னை உயிரோட விடுவாளா?"

அடுத்த வாரம் குர்ஜானியில் ஒரு நீலம். எங்கள் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற ஷோத்தாவின் வீடு. அடுத்த வாரம் தெலாவியில் இரண்டு. அதற்கடுத்து நபரெவுலியில் நான் வைக்கச் சொன்ன சிவப்பையே காணோம். அதன்மேல் நீலம் உட்கார்ந்திருந்தது. கேட்டால் எல்லாவற்றுக்கும் "சும்மா அஞ்சு நிமிஷம்"தான்.

நான் சண்டை போட்டேன். அவன் தலையாட்டினான். மறுநாளே அவன் அக்கா நாஸிப்ரோலா போனில் வந்தாள்.

"அடியே லம்சீரா, ஓட்டல்ல தங்கப்போறியாமே? நீ என்ன டூரிஸ்ட்டா? கழுத்துல கேமரா தொங்குமா?"

"அப்படியெல்லாம் இல்ல அண்ணி. கொஞ்சம் ஓய்வா..."

"ஓய்வு வேணும்னா என் வீட்டுக் கட்டில்ல படு. யாரு வேணாங்கிறா? உன் பேரைச் சொல்லி ஒரு தாழி ஒயின் மூடி வச்சிருக்கேன், தெரியுமா? நீ போன வருஷத்துத் திராட்சை. மண்ணுக்குள்ள அப்படியே தூங்குது. திறந்தா குடிச்சு முடிக்கணும், வச்சிருக்க முடியாது. அதுக்கு இருபது பேராவது வேணாமா? நீங்க ரெண்டு பேரும் குடிச்சா செத்துப்போவீங்க."

நான் சிரித்துவிட்டேன். நாஸிப்ரோலாவிடம் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. அவள் குரல் திடீரென்று இறங்கியது.

"அதுவுமில்லாம, அவன் உனக்காகச் சொல்ற வாழ்த்தை நீ ஒருநாளாவது கேட்டிருக்கியா?"

"எந்த வாழ்த்து?"

"எந்த விருந்துன்னாலும், இறந்தவங்களுக்குச் சொல்லி முடிச்சதும் எழுந்திருப்பான். தூரத்துல இருக்கிறவங்களுக்குன்னு கோப்பையைத் தூக்குவான். யாரோட பேரையும் சொல்லமாட்டான். ஆனா யாரைச் சொல்றான்னு எல்லாருக்கும் தெரியும். ஆம்பளைங்க மூக்கை உறிஞ்சுவாங்க, பொம்பளைங்க அடுப்படிக்கு ஓடுவாங்க. போன தடவை என் ரொட்டி ரெண்டு கருகிப்போச்சு."

அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. சிஞ்ஞோராவுக்கு உப்பில்லாத சூப் வைத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். எனக்காகச் சொன்ன வாழ்த்தை ககேத்தி முழுவதும் கேட்டிருக்கிறது, என்னைத் தவிர! பொறாமையாக இருந்தது. அந்த மேசைகளில் உட்கார்ந்து என்னை நினைத்து அழுதவர்கள்மேல் எனக்குப் பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை கேட்டேன். "அந்த வாழ்த்தை எனக்குச் சொல்லேன்."

அவன் முகம் சிவந்தது. "அக்கா உளறிட்டாளா?"

"சொல்லு மனுஷா."

"மேசையிலதான் சொல்லணும். போன்ல சொன்னா அது வாழ்த்தா? ரேடியோ செய்தி."

"அப்போ மேசையில சொல்லு. நாம ரெண்டு பேர் மட்டும் இருக்கிற மேசையில."

"சிக்னல் போகுது, லம்சீரா" என்றான். போய்விட்டான்.

ஏப்ரலில் வேன் வந்து சேர்ந்தது. ஷோத்தா எங்கிருந்தோ ஒரு பெரிய வேன் பிடித்துவிட்டானாம். எதற்குத் தனித்தனியாக எல்லா வீட்டிலும் நிற்க வேண்டும், எல்லோருமாகச் சேர்ந்தே போய்விடலாமே என்று அவனுக்கு யோசனை. தாழியைத் திறந்து குடத்தில் எடுத்துக்கொண்டு வண்டியிலேயே வருவதாக நாஸிப்ரோலாவும் சொல்லியாகிவிட்டது.

"அவசரமில்லாமப் போகணும்னு நீதானே சொன்ன?" என்றான் ஜும்பெர். "அந்த வேன் நாற்பதுக்கு மேல போகாது."

எனக்குத் தாங்கவில்லை. சிஞ்ஞோரா எழுந்துவிடுவாளே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன்.

"ஏழு வருஷம் ஆச்சுடா! என் புருஷனோட தனியா ஒரு மேசையில உட்கார்ந்து ஒரு வாய் ரொட்டி தின்ன, ககேத்தி பூரா வேன்ல ஏறி வரணுமா? எனக்கு உன் அக்கா மேல கோவமில்ல. ஷோத்தா மேல கோவமில்ல. நான் ஒண்ணு கேட்டா உனக்கு ஏன் காதுல விழவே மாட்டேங்குது?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரையில் அவன் காதும் நரைத்த கிருதாவும் மட்டும் தெரிந்தன.

"தனியா உட்கார்ந்து என்ன பேசுவோம், லம்சீரா?"

"என்னது?"

"பயமா இருக்கு. இங்க போன்லயே பத்து நிமிஷத்துக்கு மேல எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது. சிக்னல் போகுதுன்னு சொல்வேன்ல? பாதி நாள் சிக்னல் போகவே இல்ல. நாலு பேர் இருந்தா நான் பேசிடுவேன். எதிர்ல நீ மட்டும் உட்கார்ந்து என் வாயைப் பார்த்தா... அஞ்சு நாள்... நீ ஏமாந்துபோய்த் திரும்பிப் போயிட்டா?"

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். அவன் விருந்தோம்பலில் மயங்கித் திரிகிறான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவன் எனக்குப் பயந்து ஒளிந்துகொள்ள ஆள் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் போன இடத்தில் என்னுடைய பயம் வந்து உட்கார்ந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு மட்டும் பயம் இல்லையா? கட்டிலின் எந்தப் பக்கம் படுப்பான் என்பதுகூட எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் போனை ஃப்ரிட்ஜ் பக்கம் திருப்பினான். நீலம் ஒன்றுகூட இல்லை. சிவப்புகள் மட்டும் இருந்தன.

"எல்லாரையும் எப்படிச் சமாளிச்ச?"

"நீ ஒரு வாரம் தள்ளி வர்றேன்னு சொல்லிட்டேன்." பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையனைப்போல் விழித்தான். "வண்டியும் மாத்தியாச்சு. நம்ம வண்டியோட பச்சைக் கதவு ககேத்தி பூராவுக்கும் தெரியும். கூட வேலை பார்க்கிறவனோட காரைக் கேட்டிருக்கேன். கண்டுபிடிச்சாங்கன்னா என்னைத் தாழிக்குள்ள போட்டு மூடிருவாங்க."

அன்று சிக்னல் போகவில்லை.

மே மாதம் விமான நிலையத்தில் அவனைப் பார்த்ததும் முதலில் தோன்றியது, இவன் இவ்வளவு உயரமா என்பதுதான். போனில் ஆளுக்கு உயரம் கிடையாது. கையில் பூங்கொத்தோடு நின்றான். அழுவான் என்று நினைத்தேன், நானும் அழத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவன் விருந்தாளிக்குத் தருவதுபோல் கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்து, "பிரயாணம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். "நல்லா இருந்துச்சு, நன்றி" என்றேன். நன்றியாம்! என் வாயில் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ககேத்திச் சாலையில் அந்த இரவல் கார் மெதுவாகப் போனது. நான் ஏங்கியபடியே எல்லாம் இருந்தது. ஜன்னல் இறங்கியிருந்தது, வெயில் இதமாக இருந்தது, பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனான். பேச்சுதான் இல்லை. "மழை பெய்ஞ்சிருக்கு போல" என்றேன். "ஆமா, முந்தாநாள்" என்றான். மழையைப் பற்றி வேறு என்ன சொல்ல முடியும்?

பதியாவுரி நெருங்கியதும் அவன் தொப்பியைப் புருவம்வரை இழுத்துக்கொண்டான். என்னைத் தலையில் முக்காடு போட்டுக்கொள்ளச் சொன்னான். சுட்ட ரொட்டி வாசனை முதலில் வந்தது, பிறகு நாஸிப்ரோலா. சாலையோரம், அடுப்புக்கு முன்னால், மாவு படிந்த ஏப்ரனோடு நின்றாள். போகிற வருகிற வண்டிகளையெல்லாம் கூப்பிடுவதுபோல், கையிலிருந்த நீண்ட ரொட்டியை எங்களைப் பார்த்தும் ஆட்டினாள். சிரித்துக்கொண்டே ஆட்டினாள். ரொம்பக் கிழடு தட்டியிருந்தது அவளுக்கு. நாங்கள் நிற்காமல் தாண்டினோம்.

கொஞ்ச தூரம் போய் ஜும்பெர் வண்டியை ஓரங்கட்டினான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணெல்லாம் நீர்.

"அக்கா முகத்துல துப்பிட்டேன்."

"திரும்பும்போது இந்த வழியாவே வந்து நிறுத்துவோம். நானே அவ கால்ல விழுறேன்."

"ரொட்டியை நீட்டினா, பார்த்தியா?"

"பார்த்தேன்." அவன் எனக்காக எதைத் தாண்டி வந்திருக்கிறான் என்று அப்போதுதான் உறைத்தது. என் கையை அவன் கைமேல் வைத்தேன். "மனுஷா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? சிஞ்ஞோரா கூப்பிடுறாங்கன்னு சொல்லி போனை வைப்பேன்ல?"

"ஆமா."

"பாதி நாள் அவங்க கூப்பிடவே இல்ல. குறட்டை விட்டுத் தூங்கிட்டு இருப்பாங்க."

அவன் என்னை உற்றுப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். சிக்னாகி மேடு தெரியும்வரை எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு விட்டுவிட்டு வந்துகொண்டே இருந்தது.

அடிவாரத்தில் நான் பிடித்து வைத்திருந்த விடுதி, ஒரு திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்தது. வெளியே கொடிப்பந்தலுக்குக் கீழே மேசை. விடுதிக்கார அம்மாள் தட்டுகளை எண்ணிப் பார்த்தாள்.

"மத்தவங்கல்லாம் எப்போ வருவாங்க?"

"யாரும் வரல. நாங்க ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர்தானா?" என்னைப் பார்த்து அவளுக்குப் பரிதாபமாகிவிட்டது. யாருமில்லாத அநாதைகள் என்று நினைத்திருக்க வேண்டும். பாவம் என்று கூடுதலாக ஒரு தட்டு வெண்ணெய்க்கட்டி வைத்துவிட்டுப் போனாள். திராட்சைக் குச்சியில் சுட்ட இறைச்சி, புளிக்கும் பிளம்ஸ் பழச் சட்டினி, மண்ணில் புதைத்த தாழியிலிருந்து எடுத்த தேன்நிற ஒயின். எதிரே பள்ளத்தாக்கு. அதற்கப்பால் பனிமலை. ஏழு வருஷம் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்துப் பார்த்த முகம், முழுசாக, கைக்கு எட்டும் தூரத்தில்.

ஜும்பெர் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். கோப்பைகளை நிரப்பினான். இரண்டு பேர்தானே என்று உட்கார்ந்தபடியே ஏதோ சொல்வான் என்றிருந்தேன். அவன் எழுந்து நின்றான். இருபது பேர் உட்கார்ந்திருப்பதுபோல் மேசையின் கடைசிவரை ஒரு தடவை பார்த்தான். அமைதிக்காக ஒரு வாழ்த்து சொன்னான். குரல் கொஞ்சம் தடுமாறியது. குடித்தோம். இறந்தவர்களுக்காக அடுத்தது. நான் அடக்கம் செய்ய வர முடியாமல் போன என் அம்மாவின் பெயரைச் சொன்னான். வழக்கப்படி ரொட்டித் துண்டில் ஒயினைச் சொட்டவிட்டோம். இப்போது குரல் சரியாகிவிட்டிருந்தது. பழக்கப்பட்ட பாதையில் ஓட்டுகிறவனுடைய குரல்.

மறுபடி கோப்பைகளை நிரப்பினான். அவன் பார்வை என்னைத் தாண்டி, தோட்டத்துக்கு வெளியே போகும் சாலையில் போய் நின்றது.

"தூரத்தில இருக்கிறவங்களுக்கு," என்றான். "நம்ம ரொட்டியை நாம திங்கும்போது அடுத்தவங்க வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டே திங்கிறவங்களுக்கு. அவங்க நாற்காலியை நாங்க எடுக்கல. அவங்க தட்டை நாங்க கவிழ்க்கல. அவ செருப்பு இன்னும் வாசல்லதான் கிடக்கு. கடவுளே, எங்க வீட்டுப் பொம்பளைக்கு அங்க யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும். அவளுக்குக் கால் வலிக்காம இருக்கட்டும். அவ சீக்கிரம் வரட்டும்."

கோப்பையை உயர்த்தியவன் அப்படியே நின்றுவிட்டான். எதிரே நான் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளிறிப் பின் சிவந்தது. கோப்பையை இறக்கவும் தெரியவில்லை, குடிக்கவும் தெரியவில்லை. இவ்வளவு பெரிய தமதா, வாழ்நாளில் முதல்முறையாக மேசையில் தவறு செய்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றான்.

நான் கேட்க ஏங்கிய வாழ்த்து இதுதான். ஆனால் அது எனக்கு இல்லை. இன்னும் வந்து சேராத அவளுக்கு. இந்தப் பத்து நாளும் முடிந்து நான் திரும்பிப் போய்விட்டால், மறுபடியும் யாருடைய வாசல் செருப்பைப் பார்த்துக்கொண்டு இவன் இருக்கப்போகிறானோ, அவளுக்கு. வெட்கமில்லாமல் அழுதேன்.

வாழ்த்துச் சொன்னால் மேசையில் இருப்பவர்கள் எழுந்து குடிக்க வேண்டும். மேசையில் நான் ஒருத்திதான் இருந்தேன். எழுந்து என் கோப்பையை அவன் கோப்பையில் இடித்தேன்.

"அவ சீக்கிரம் வரட்டும்" என்று சொல்லி, மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அவனும் குடித்தான். உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி முட்டிமேல் வைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்.

"வருவாளா, லம்சீரா?"

"கிளம்பிட்டா," என்றேன். "வந்துக்கிட்டுதான் இருக்கா. ரோடு மோசம். மெதுவாத்தான் வருவா."